சாரல் காலத் தும்மலுக்கு எது: தும்பையா, நொச்சியா, மாத்திரையா?

ஆனி பிறந்து மேல்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கத் தொடங்கினால், தென்காசியிலிருந்து ஆலங்குளம் வரை தும்மல் சத்தம் கேட்காத தெரு குறைவு. எழுந்ததும் வரிசையாகத் தும்மல், கண்ணில் அரிப்பு, மூக்கில் தண்ணீர் போல ஒழுக்கு, பொழுது சாயும்போது மூக்கடைப்பு. ஆச்சி தும்பைப் பூவைப் பாலில் போட்டுக் குடிக்கச் சொல்வார். சித்தி நொச்சி இலை போட்டு வேது (ஆவி) பிடிக்கச் சொல்வார். மருந்துக் கடையில் செட்ரிசின் என்ற அலர்ஜி மாத்திரை அட்டையை நீட்டுவார்கள். மூன்றும் மூக்குக்குத்தான். ஆனால் மூன்றும் செய்கிற வேலை வேறு வேறு.

எங்கள் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தும்பை, நொச்சி, ஆடாதொடை, தூதுவளை ஆகிய நான்கும் கட்டிய சளியை இளக்கவும் தொண்டைக்கு இதம் தரவும் நல்லவை. தும்மலையும் அரிப்பையும் நிறுத்தும் பொறுப்பை அவற்றிடம் ஒப்படைத்தால் ஏமாற்றம்தான். அந்த வேலைக்கு உப்புநீர்க் கழுவலும், மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயும், தேவைப்பட்டால் மாத்திரையும் இருக்கின்றன. எது யாருக்கு, எந்த அளவில், எங்கே தவறு நேரும் என்பதைப் பார்ப்போம்.

எந்த மாதம் தும்முகிறீர்கள்?

மருந்தைத் தேர்ந்தெடுக்கும் முன் மாதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நெல்லைச் சீமையில் மூக்குக்கு ஒரே ஒரு 'சீசன்' இல்லை.

ஆனி, ஆடி மேல்காற்று ராதாபுரம், வள்ளியூர், கயத்தாறு பக்கம் வறண்ட செம்மண் தூசியைக் கிளப்பும். அதே காற்று குற்றாலத்தை ஒட்டிய ஊர்களில் சாரலாக விழுந்து சுவரையும் துணியையும் ஈரமாகவே வைத்திருக்கும். முதல் ஊர்க்காரருக்குத் தூசி எரிச்சல். இரண்டாம் ஊர்க்காரருக்குப் பூஞ்சணமும், மெத்தை தலையணையில் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சியும். இந்தப் பூச்சி காற்றின் ஈரத்தைக் குடித்தே பெருகுகிறது. அதனால்தான் சாரல் காலத்தில் வெளியே போகாதவருக்கும் படுக்கையை விட்டு எழுந்ததும் தும்மல் வருகிறது.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் ஒரு மாதத்திலேயே காலிமனைகளிலும் ரயில் பாதை ஓரத்திலும் பார்த்தீனியம் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். மூக்குக்கும் தோலுக்கும் ஆகாத களை இது. பிசான நெல் அறுவடை நடக்கும் மாசி, பங்குனியில் களத்துத் தூசியும் வைக்கோல் பூஞ்சணமும். கோடையை ஒட்டி சீமைக்கருவேல் பூக்கும்போது அதன் மகரந்தம்.

முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றுகிறவர்களுக்கு ஆண்டு முழுக்க மூக்கு எரியும். அதில் பெரும்பகுதி புகையிலைத் தூள் தரும் எரிச்சல். தட்டை மடியில் வைத்துக்கொண்டே தும்பைக் கஷாயம் குடிப்பதால் எதுவும் மாறாது. மூக்கை மூடும் துணி, காற்றோட்டமான திண்ணை, வேலை முடிந்ததும் உப்புநீரில் மூக்குக் கழுவல், இவைதான் அங்கே மருந்து.

இன்னொன்றையும் பிரிக்க வேண்டும். அலர்ஜியில் காய்ச்சல் வராது. மூக்குநீர் தெளிந்த தண்ணீராக இருக்கும், அரிப்பு பெரும்பாலும் இருக்கும். உடம்பு வலியோடு காய்ச்சல் வந்து ஒரு வாரத்தில் அடங்கினால் அது சாதாரண ஜலதோஷம். ஜலதோஷம் எப்படியும் ஒரு வாரத்தில் போய்விடும் என்பதால், அந்த வாரத்தில் குடித்த மூலிகை எல்லாமே 'கைகண்ட மருந்து' என்று பேர் வாங்கிவிடுகிறது. தும்பைக்கு இருக்கும் புகழில் ஒரு பங்கு இப்படி வந்ததுதான்.

மூக்கில் இரண்டு கட்டமாக இது நடக்கிறது. ஒவ்வாத பொருள் பட்ட சில நிமிடங்களில் மூக்குச் சவ்வில் உள்ள செல்கள் ஹிஸ்டமைனை விடுகின்றன. தும்மலும் அரிப்பும் ஒழுக்கும் அதனால்தான். சில மணி நேரம் கழித்துச் சவ்வு வீங்குகிறது, அடைப்பு அப்போது வருகிறது. செட்ரிசின் முதல் கட்டத்தை மறிக்கும். ஸ்டீராய்டு ஸ்பிரே இரண்டாம் கட்டத்தையும் சேர்த்து அடக்கும். மூலிகைக் கஷாயமும் ஆவியும் இவை நடந்து முடிந்தபின் தேங்கிய சளியிடம் போய் வேலை செய்கின்றன.

தும்பை

துளசிக் குடும்பத்துச் சிறுசெடி. முழங்கால் உயரம் தாண்டாது. தண்டின் கணுக்களில் பச்சைப் புல்லிவட்டங்கள் உருண்டையாகக் கொத்தாக நிற்கும், அவற்றிலிருந்து வெள்ளை உதடு போலப் பூ நீட்டிக்கொண்டிருக்கும். வேட்டி வெளுப்புக்கே இதைத்தானே சொல்கிறோம். வடகிழக்கு மழை பெய்த பின் வரப்பிலும் புஞ்சை ஓரத்திலும் முளைத்து, கார்த்திகை முதல் தை வரை நன்றாகப் பூக்கும். ஆனி, ஆடியில் வறண்ட பக்கங்களில் பச்சைத் தும்பை கிடைப்பது கஷ்டம். தும்மல் உச்சத்தில் இருக்கும் மாதத்தில் கைக்கு வருவது நாட்டு மருந்துக் கடையின் உலர்ந்த சரக்குதான். அது எப்போது பறித்தது என்று கடைக்காரருக்கே பல நேரம் தெரியாது.

பறிப்பதில் இரண்டு எச்சரிக்கை. நெல் வயல் வரப்பில் களைக்கொல்லி அடித்திருப்பார்கள். அடித்த மறுநாளும் தும்பை பச்சையாகவே நிற்கும், வாட சில நாள் ஆகும். பறிக்கும் முன் வயல்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது, பேரில் தும்பை இருப்பதால் கவிழ்தும்பையைப் பறித்து வந்துவிடாதீர்கள். அது வேறு குடும்பம். பூ தலைகீழாகத் தொங்கும், வெளிர்நீலமும் இளஞ்சிவப்பும் கலந்திருக்கும், இலையில் சொரசொரவென்று முடி இருக்கும். அந்தக் குடும்பத்துச் செடிகள் பலவற்றில் கல்லீரலைக் கெடுக்கும் வேதிப்பொருள் உண்டு. உள்ளுக்குச் சாப்பிடும் சரக்கில் அது கலக்கவே கூடாது.

பாலில் போடுவதென்றால்: பூவை மட்டும் மெல்ல இழுத்தால் புல்லியிலிருந்து தனியே வந்துவிடும். இருபது இருபத்தைந்து பூ போதும். உள்ளே சிற்றெறும்பு இருக்கும், ஒரு வெள்ளைத் தாளில் போட்டு உதறிவிட்டுக் கழுவுங்கள். 150 மில்லி பாலில் பூவும் நான்கு மிளகைத் தட்டியும் போட்டு, பொங்கியபின் சிறுதீயில் மூன்று நிமிடம் வைத்து வடிகட்டி, வெதுவெதுப்பாக இரவில் குடிக்கலாம். இதம் கிடைக்கும். அந்த இதத்தில் மிளகுக்கும் சூட்டுக்கும் பெரும்பங்கு உண்டு. பால் சளியைக் கூட்டும் என்று சிலர் பயப்படுவார்கள். பால் எச்சிலோடு சேர்ந்து தொண்டையில் கனமாகத் தோன்றவைக்கும், அவ்வளவுதான். சளி சுரப்பதை அது கூட்டுவதில்லை.

தும்பைப்பூத் தைலம் தலைக்குத் தேய்க்கிறவர்கள் 200 மில்லி நல்லெண்ணெய்க்கு ஒரு கைப்பிடிப் பூ எடுப்பார்கள். பூவை அரைநாள் நிழலில் வாடவிடுவது முக்கியம். ஈரப் பூவைப் போட்டால் எண்ணெய் தெறிக்கும். அதோடு ஈரம் உள்ளே நின்று பத்துப் பதினைந்து நாளில் சிக்கு வாடை வந்துவிடும். சிறுதீயில் வைத்து, சடசடப்பு அடங்கி, பூ மொறுமொறுவென்று ஆனதும் இறக்குங்கள். கருகும்வரை விட்டால் காட்டம் ஏறி, அந்த வாடையே மூக்கை உறுத்தும். தலைக்கு நல்ல தைலம்தான். அலர்ஜியை அது குறைப்பதாக நாங்கள் சொல்ல மாட்டோம். தேய்த்துக் குளித்துவிட்டு ஈரத் தலையோடு மேல்காற்றில் பைக் ஓட்டினால் மூக்கு இன்னும் மோசமாகும்.

தும்பைச் சாற்றை மூக்கில் விடுவதுதான் நாங்கள் உறுதியாக வேண்டாம் என்கிற முறை. இலையையும் பூவையும் கசக்கிப் பிழிந்து இரண்டு சொட்டு விட்டால் எரிச்சலில் கண்ணீரும் சளியும் கொட்டும், அடைப்பு திறந்தது போல இருக்கும். நடந்தது என்னவென்றால், ஏற்கெனவே புண்பட்ட சவ்வு காரம் பட்டுத் தண்ணீர் விட்டது. சில மணி நேரத்தில் வீக்கம் கூடித் திரும்பவும் அடைக்கும். பச்சைச் சாற்றில் மண் கிருமி வேறு. சித்த மருத்துவத்தில் மூக்கில் மருந்து விடும் நசியம் என்ற முறை உண்டு, மறுக்கவில்லை. அதை ஆள் பார்த்து, அளவு பார்த்து, பக்குவம் செய்த மருந்தால் மருத்துவர் செய்வார். அடுக்களையில் பிழிந்த சாறு அதற்கு ஈடாகாது. பச்சைப் பிள்ளைகளுக்கு மூக்கில் எண்ணெய் விடும் வழக்கமும் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. எண்ணெய் மூச்சுக்குழாய் வழியே நுரையீரலில் இறங்கி நிமோனியா உண்டாக்கும், அதையும் விட்டுவிட வேண்டும்.

மனிதர்களுக்குக் கொடுத்து, மாத்திரையோடு நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்த நல்ல ஆய்வு ஐரோப்பாவின் பட்டர்பர் செடிக்கு உண்டு. 2002-இல் வெளியான அந்தச் சோதனையில் சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் 125 பேருக்கு இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். பட்டர்பர் இலைச் சாரமும் செட்ரிசினும் ஏறக்குறைய சமமாக நின்றன. ஆனால் அந்தச் செடியிலும், கவிழ்தும்பைக் குடும்பத்தில் சொன்னதுபோல, கல்லீரலைக் கெடுக்கும் அதே வகைப் பொருள் இருக்கிறது. அதை நீக்கிச் செய்ததாகச் சொன்ன சரக்கிலும் கல்லீரல் பாதிப்பு வந்ததால், 2012-இல் பிரிட்டனில் அதை விற்பனையிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். இணையத்தில் 'இயற்கை அலர்ஜி மாத்திரை' என்று அந்தப் பேர் போட்டு வந்தால் வாங்காதீர்கள்.

நொச்சி

தாமிரபரணிக் கரையிலும் ஓடைகளிலும் நீலப்பூவோடு நிற்கும் நொச்சியைப் பற்றிச் சண்டையே இல்லை. அடைப்புக்கு உடனடியாகக் கொஞ்சம் வழி விடும். ஆவி செய்யும் வேலை பாதி, நொச்சி மணம் பாதி. அரை மணி முதல் ஒரு மணி நேரம் மூச்சு லேசாகும், தூக்கம் வரும். அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம்.

ஒன்றரை லிட்டர் தண்ணீர், இரண்டு கைப்பிடி இலை, ஐந்து நிமிடக் கொதி. பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கித் தரையில் வைத்து, இரண்டு நிமிடம் ஆறவிட்ட பிறகு, முகத்தை ஒரு அடிக்குக் குறையாமல் தள்ளி வைத்து, போர்வைக்குள் ஐந்து நிமிடம். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். கட்டிலில் பாத்திரத்தை வைப்பது, மடியில் வைப்பது, சிறு பிள்ளையைப் போர்வைக்குள் கூட இழுத்துக்கொள்வது, இந்த மூன்றும்தான் வெந்நீர்க் காயத்துக்குக் காரணம். பிள்ளைகளுக்கு ஆவியே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு அந்த ஈரக் காற்றில் கொஞ்ச நேரம் உட்காரவைத்தால் போதும்.

தைலத்தையும் கற்பூரத்தையும் நொச்சியோடு சேர்த்துக் கொட்டுகிறவர்கள் உண்டு. இரைப்பு (ஆஸ்துமா) உள்ளவருக்கு அந்தக் காட்டமே மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். நொச்சி இலையைப் புகை போடுவது கொசுவுக்கு. அலர்ஜிக்காரர் இருக்கும் அறையில் எந்தப் புகையும் எதிரிதான்.

ஆடாதொடையும் தூதுவளையும்

இவை மூக்கைவிட நெஞ்சுக்கு வேண்டியவை. ஆடாதொடை இலையில் உள்ள வாசிசின் என்ற பொருளை ஒட்டித்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி இளக்கும் மருந்தை உருவாக்கினார்கள். இன்று இருமல் சிரப்புகளில் பார்க்கும் ஆம்ப்ராக்சால் அதன் வழி வந்ததே. வேலியில் நிற்கும் செடிக்கு இப்படி ஒரு வம்சம்! ஆனால் அந்த மருந்துகளும் தும்மலை நிறுத்துவதில்லை என்பதைக் கவனியுங்கள். மூக்குநீர் பின்பக்கமாகத் தொண்டையில் இறங்கி, இரவெல்லாம் செருமலும் கெட்டிச் சளியுமாக இருப்பவருக்குத்தான் ஆடாதொடை பொருந்தும்.

குடிநீராகச் செய்வதென்றால் உலர்ந்த இலையின் கரகரப்பான பொடி 10 கிராம், தண்ணீர் 400 மில்லி. சிறுதீயில் 100 மில்லியாக வற்றவைத்து வடிகட்டி, காலை 50, மாலை 50, சாப்பாட்டுக்குப் பின். அன்றன்றைக்குச் செய்ய வேண்டும். மறுநாளுக்கு வைத்தால் புளித்துவிடும். கசப்பு கடுமை. அதைத் தாங்காதவர்கள் கடையில் ஆடாதொடை மணப்பாகு வாங்குகிறார்கள். அது சர்க்கரைப் பாகு, நீரிழிவுக்காரர் கணக்கில் வைக்க வேண்டும். கருவுற்ற பெண்கள் ஆடாதொடையைத் தொடவே கூடாது, அது கருப்பையைச் சுருங்கவைக்கும்.

தூதுவளை சாப்பாட்டோடு சேரும் மூலிகை. முள்ளைக் கத்தரித்து, பத்துப் பதினைந்து இலையை நெய்யில் வதக்கி ரசத்தில் போடலாம், துவையல் அரைக்கலாம். ஊதாப் பூ ஐந்தாறைப் பாலில் போடுவாரும் உண்டு. மருந்து என்று நினைத்து அளவு கூட்டாமல், வாரத்தில் இரண்டு மூன்று நாள் சாப்பிடலாம். நான்கில் எதை வீட்டு வேலியில் வைக்கலாம் என்று கேட்டால் தூதுவளையைத்தான் சொல்வோம். கிடைக்காத மாதம் இல்லை, கெடுதல் செய்வதும் அரிது. களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குள் போய் எந்த மூலிகையையும் பறித்து வரத் தேவையில்லை. அது புலிகள் காப்பகம், பறிப்பது குற்றம். நாற்றுப்பண்ணையிலேயே எல்லாம் கிடைக்கும்.

பூ டீ என்று விற்பவை

இப்போது நகரத்துக் கடைகளில் கமோமைல் டீ பாக்கெட்டுகள் வந்துவிட்டன. அலர்ஜிக்கு நல்லது என்று அட்டையிலேயே எழுதியிருக்கும். நெல்லைக்காரர் கவனிக்க வேண்டிய ஒன்று இதில் இருக்கிறது. கமோமைலும் பார்த்தீனியமும் ஒரே சூரியகாந்திக் குடும்பம். பார்த்தீனிய மகரந்தம் ஒத்துக்கொள்ளாத உடம்பு, கமோமைலையும் சாமந்தியையும் அதே எதிரி என்று எண்ணி, உதடு வீங்கி தோல் தடிக்கும் அளவுக்குப் போகலாம். மழைக்குப் பின் தும்முகிறவர், களை பிடுங்கினால் கை அரிக்கிறவர், இந்த டீயைத் தவிர்த்துவிடுவது நல்லது. ஆவாரம்பூ அந்தக் குடும்பம் இல்லை, குடிக்கலாம். மூக்குக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை.

நம் ஊர்த் தேன் குடித்தால் நம் ஊர் மகரந்தம் பழகிவிடும் என்றும் சொல்வார்கள். தேனீ எடுப்பது பூச்சிக்காகவே ஒட்டும் தன்மையோடு இருக்கும் மகரந்தம். மூக்கில் ஏறுவது பெரும்பாலும் காற்றில் பறக்கும் வேறு வகை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் எந்தக் காரணத்துக்கும் கூடாது.

உப்புநீர்

இதுவும் வீட்டு மருந்துதான். பூ இல்லை, மணம் இல்லை, கதையும் இல்லை. அதனால் யாரும் பரிந்துரைப்பதில்லை. மூக்கில் ஒட்டிய மகரந்தத்தையும் தூசியையும் கழுவி வெளியேற்றுவதால், மேலே சொன்ன நான்கு மூலிகையையும்விட அலர்ஜிக்கு இது நேராக உதவுகிறது.

240 மில்லி வெதுவெதுப்பான தண்ணீருக்கு அயோடின் சேர்க்காத உப்பு அரை டீஸ்பூன், சமையல் சோடா ஒரு சிட்டிகை. உப்பு குறைந்தால் மூக்கு சுருக்கென்று எரியும், கூடினாலும் எரியும். கண்ணீரின் உப்பளவு இருந்தால் சரி. தூத்துக்குடிக் கல்லுப்பைப் போடுவதானால் தண்ணீரோடு சேர்த்துக் கொதிக்கவைத்து, மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். மண்துகள் இருக்கும்.

தண்ணீரில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், கேன் தண்ணீர், வீட்டுச் சுத்திகரிப்பு இயந்திரத் தண்ணீர் எதுவும் கிருமியற்றது இல்லை. குடித்தால் வயிறு பார்த்துக்கொள்ளும். மூக்கின் உச்சியில் போனால் மூளையைத் தாக்கும் அமீபாவுக்கு வழி திறக்கலாம். 2024-இல் பக்கத்துக் கேரளத்தில் இந்த நோய் பற்றிய செய்திகளைப் படித்திருப்பீர்கள். தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதித்து, மூடி ஆறவைத்த தண்ணீரை மட்டும் அன்றைக்குள் பயன்படுத்துங்கள்.

தொட்டிமேல் குனிந்து, தலையை ஒருபக்கம் சாய்த்து, வாயைத் திறந்து வாயாலேயே மூச்சு விட்டுக்கொண்டு மேல்பக்கத் துளையில் மெல்ல ஊற்ற வேண்டும். மறு துளை வழியே வந்துவிடும். காது அடைத்தால் அழுத்தம் கூடிவிட்டது என்று அர்த்தம். முடிந்ததும் பலமாகச் சிந்தக் கூடாது, காதுக்குள் நீர் ஏறும். குனிந்தபடியே கொஞ்சம் வடியவிட்டு மெல்லச் சிந்தலாம். பாட்டிலைத் தினம் கழுவிக் காயவைக்கவும்.

மாத்திரை, ஸ்பிரே, சொட்டு மருந்து

செட்ரிசின் 10 மில்லிகிராம், பெரியவருக்கு இரவில் ஒன்று. ஒரு மணி நேரத்தில் தும்மல் அடங்கத் தொடங்கும். அடைப்பை அவ்வளவாகத் தொடாது. சிலருக்கு மறுநாள் காலைவரை மந்தமாக இருக்கும். விடியற்காலையில் பேருந்து ஓட்டுகிறவர், அறுவடை இயந்திரம் இயக்குகிறவர், மில்லில் இயந்திரத்தருகே நிற்கிறவர் மருத்துவரிடம் ஃபெக்சோபெனடின் கேட்பது மேல், மயக்கம் குறைவு. பழைய குளோர்பெனிரமின் மலிவு என்று வாங்கிவிட்டு வண்டி ஓட்டாதீர்கள். மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் இவற்றின் பொதுப்பெயர் மாத்திரைகள் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

லெவோசெட்ரிசினோடு மான்டெலுகாஸ்ட் சேர்ந்த மாத்திரையைச் சீட்டில்லாமலே வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது பரவிவிட்டது. மான்டெலுகாஸ்ட்டுக்கு 2020-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை தன் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. கெட்ட கனவு, பதற்றம், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் வரை போகக்கூடும் என்பதே அது. வெறும் மூக்கு அலர்ஜிக்கு அதை முதல் மருந்தாக எடுக்கத் தேவையில்லை.

அடைப்புதான் முதல் தொல்லை என்றால் ஃபுளுடிகசோன் அல்லது மொமெடசோன் ஸ்பிரே மற்ற எல்லாவற்றையும்விட மேல். ஸ்டீராய்டு என்ற சொல்லுக்கே பயந்து ஓடுகிறார்கள். மூக்குச் சவ்வில் மட்டும் படும் சிறிய அளவு இது, விழுங்கும் மாத்திரையோடு ஒப்பிடக் கூடாது. அடித்த அன்றே பலன் தேடுகிறவர்கள் மூன்றாம் நாள் நிறுத்திவிடுகிறார்கள். முழுப் பலனுக்கு ஒன்று இரண்டு வாரம் ஆகும். மேல்காற்று தொடங்க இரண்டு வாரம் முன்பே, வைகாசிக் கடைசியில், ஆரம்பித்தால் சாரல் காலத்தை நிம்மதியாகக் கடக்கலாம். இடது துளைக்கு வலது கை, வலது துளைக்கு இடது கை. முனை நடுத்தண்டை நோக்காமல் காதுப்பக்கம் பார்க்க வேண்டும். நடுத்தண்டில் அடித்தால் ரத்தக்கசிவு வரும். தலையைச் சற்றுக் குனிந்து, மெல்ல மூச்சிழுங்கள். பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்க் கசக்கும். உப்புநீர்க் கழுவல் ஸ்பிரேக்கு முன். பின்னால் கழுவினால் காசைக் கழுவி விட்டதாகத்தான் கணக்கு.

ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் சொட்டு மருந்துகள் இரண்டு நிமிடத்தில் திறந்துவிடும். ஆபத்தும் அதுதான். மூன்று நாளைத் தாண்டினால் மருந்து விட்ட நேரம் போக மற்ற நேரமெல்லாம் முன்பைவிட அதிகமாக அடைக்கும். சட்டைப்பையில் சொட்டு மருந்தில்லாமல் வெளியே கிளம்பாதவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

யாருக்கு எது

காலைத் தும்மல் மட்டும், அதுவும் வருடத்தில் சில வாரம்: உப்புநீர், தலையணை உறை, தேவைப்பட்ட இரவில் செட்ரிசின். உறையை வாரம் ஒருமுறை கை பொறுக்காத வெந்நீரில் ஊறவைத்துத் துவைக்க வேண்டும், வெயில் மட்டும் போதாது. இலவம்பஞ்சு மெத்தையை விட்டுக் கோரைப்பாய்க்கு மாறினால் தூசிப் பூச்சிக்கு இடம் குறையும். பத்தமடைப் பாய்தான் வேண்டும் என்பதில்லை, சாதாரணக் கோரை போதும். தும்பைப் பாலை ஆசைக்குக் குடிக்கலாம்.

அடைப்பும் தலைக்கனமும் மாதக்கணக்கில்: ஸ்பிரே. கூடவே இரவில் நொச்சி வேது பிடித்தால் தூக்கம் நன்றாக வரும்.

தொண்டையில் சளி, இருமல்: தூதுவளை ரசம், ஆடாதொடைக் குடிநீர் ஐந்து நாள். அதற்குள் குறையாவிட்டால் கஷாயத்தை நீட்டாதீர்கள். மூச்சில் விசில் சத்தம், இரவில் எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்குதல் என்றால் ஒரு நாள்கூடக் காக்கக் கூடாது. அது இரைப்பு. மூலிகையோடு காலம் கடத்துவதில் உயிருக்கே ஆபத்துள்ள இடம் இது ஒன்றுதான்.

கருவுற்றவருக்கு உப்புநீர் முதல் மருந்து. போதவில்லை என்றால் மகப்பேறு மருத்துவரைக் கேட்டு மாத்திரையோ ஸ்பிரேயோ. 'இயற்கைதானே' என்று கஷாயத்தை எடுப்பது அவருக்கு மாத்திரையைவிட அபாயமாகலாம்.

மூலிகையைத்தான் முயல்வேன் என்பவருக்கு ஒரு வழி. ஒரே நேரத்தில் நான்கை ஆரம்பிக்காதீர்கள். முதல் வாரம் எதுவும் மாற்றாமல், தினமும் இரவு தும்மல், ஒழுக்கு, அடைப்பு, கண் அரிப்பு நான்குக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போட்டு நாட்காட்டியில் எழுதுங்கள். அடுத்த இரண்டு வாரம் ஒரு மூலிகை மட்டும். மொத்த மதிப்பெண் பாதிக்கு இறங்கினால் தொடரலாம். ஒன்றிரண்டு இறங்கினால் காற்று குறைந்திருக்கும்.

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964 முதல் இயங்குகிறது. அதை ஒட்டிய மருத்துவமனையில் பீனிசம் (மூக்கு நோய்க்குச் சித்த மருத்துவப் பேர்) என்று சொல்லி, அந்த நாட்காட்டியைக் காட்டலாம். சாப்பிடும் ஆங்கில மருந்துகளின் அட்டைகளையும் கொண்டுபோங்கள். தோலில் ஊசி குத்தி எது ஒவ்வாதது என்று பார்க்கும் சோதனைக்குக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போவதானால், செட்ரிசின் வகையை ஒரு வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். முந்தின இரவு ஒன்றைப் போட்டிருந்தாலும் தோல் தடிக்காது, முடிவு தப்பாக வரும். மேலே சொன்ன ஸ்டீராய்டு ஸ்பிரேயை நிறுத்தத் தேவையில்லை. ஒரு பக்கத் துளையில் மட்டும் அடைப்பு, அடிக்கடி ரத்தம், முக எலும்பில் வலியோடு பத்து நாளுக்குமேல் பச்சைச் சளி இருந்தால் இந்த ஒப்பீட்டையெல்லாம் ஒதுக்கிவிட்டு அவரிடமே நேராகப் போக வேண்டும்.